பாஸ்போர்ட்டில் பாப்பா

பாப்பா,

இதையெல்லாம் நேரிலேயே சொல்லியிருக்கலாம். இன்னும் ஒன்பது நாள் நீ இந்த வீட்டில்தான் இருக்கப்போகிறாய். பக்கத்து அறையில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு எதை எடுப்பது, எதை விடுவது என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறாய். ஆனால் நான் வாயைத் திறந்தாலே, "அம்மா, மைக்குல பேசற மாதிரி பேசாதம்மா" என்கிறாய். பதினாறு வருஷமாகத் திருப்பதி பஸ் நிலையத்தில் மைக் முன்னால் உட்கார்ந்து, கூட்டத்தில் தொலைந்தவர்களைத் தெலுங்கிலும் தமிழிலும் மாற்றி மாற்றிக் கூப்பிடுகிறவளுக்கு வேறு எப்படிப் பேச வரும்? அதனால்தான் எழுதுகிறேன். உன் தலையணை மேல் வைத்துவிட்டு நான் டியூட்டிக்குப் போய்விடுவேன். சாயங்காலம் நான் திரும்பி வருவதற்குள் படித்து முடித்துவிடு. இதில் புத்தி கொஞ்சம், பயம் நிறைய. நான் செய்த ஒரு தப்பும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் கோபத்தில் மீதியைப் படிக்கமாட்டாய்.

எனக்குப் பயமாக இருக்கிறது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உனக்கு டோக்கியோவில் முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை என்று முடிவானதிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் அந்த ஊரைப் பற்றி விசாரிக்கிறேன். ஜப்பான் ரொம்ப பத்திரமான ஊர் என்று எல்லாரும் சொல்கிறார்கள். யாரும் கையைப் பிடித்து இழுக்கமாட்டார்கள், பர்ஸ் விழுந்தால் எடுத்துக் கொடுப்பார்கள் என்கிறார்கள். இருக்கட்டும். அங்கே பூமி ஆடுமே, அதற்கு யார் பொறுப்பு? நீ போனில் காட்டினாயே அந்த ரயில் நிலையம், அதைப் பார்த்ததிலிருந்துதான் பயம் கூடிவிட்டது. பிரம்மோற்சவத்துக்கு வருகிற கூட்டம் அங்கே தினமும் காலையில் ஆபீசுக்குப் போகிறது. வெளியே வர அத்தனை வாசல்கள். நம் பஸ் நிலையத்தில் இருக்கிற நாலைந்து வாசலிலேயே மனிதர்கள் எப்படித் தவறிப்போகிறார்கள் என்று தினமும் பார்க்கிறவள் நான். என் மைக் சத்தம் காம்பவுண்டு சுவரைத் தாண்டிக் கேட்காது. நீ அங்கே தொலைந்தால் உன்னை யார் கூப்பிடுவார்கள்?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் செய்த கூத்து உனக்குத் தெரியாது. தெலுங்கில் தப்பிப்போவது என்றால் தொலைந்துபோவது. சத்தியவேடு பக்கத்தில் பிறந்த நமக்குத் தமிழிலும் அதுவே நாக்கில் ஒட்டிக்கொண்டது. முதல் வாரம் மைக்கைப் பிடித்து, "ஆறு வயதுக் குழந்தை ஒன்று தப்பிப்போய்விட்டது, பார்த்தவர்கள் பிடித்துக் கொண்டுவரவும்" என்று தமிழில் சொன்னேன். சேலத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "ஏம்மா, அந்தப் புள்ளைய யாரு கட்டி வச்சிருந்தாங்க, தப்பிச்சுப் போறதுக்கு?" என்று கேட்டார். பக்கத்திலிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து தமிழில் 'காணவில்லை' என்றுதான் சொல்கிறேன். ஆனாலும் நீ கிளம்புவதை நினைக்கும்போது அந்த வார்த்தை இரண்டு அர்த்தத்திலும் வந்து நிற்கிறது. நீ எதிலிருந்தாவது தப்பித்துப் போகிறாயா என்று கேட்க ஆசை. கேட்டால் என்ன சொல்வாயோ என்று அதற்கும் பயம்.

சரி, எனக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான். தொலைகிறவர்கள் எப்படித் தொலைகிறார்கள் என்று சொல்கிறேன், கேட்டுக்கொள். படிக்காதவர்கள் குறைவாகத்தான் தொலைகிறார்கள். அவர்கள் பயந்து, புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். தொலைகிறவர் யார் என்றால், எல்லாம் போனில் இருக்கிறது என்று நினைக்கிறவர். ஒரு நாள் நன்றாக உடுத்திய மனுஷன் ஒருவர் வந்து நின்றார். பெரிய வேலையில் இருப்பவர். போன் அணைந்துவிட்டது. "உங்க மனைவி நம்பர் சொல்லுங்க சார்" என்றேன். உதட்டைப் பிதுக்கினார். கல்யாணமாகி எத்தனையோ வருஷம், ஒரு தடவைகூட அந்த நம்பரை மனசில் வாங்கியதில்லை. நீ அப்படி நிற்காதே. என் நம்பரையும், நீ வேலை செய்யப்போகும் இல்லத்தின் நம்பரையும் மனப்பாடம் செய். தினமும் பல் தேய்க்கும்போது ஒரு தடவை சொல்லிப் பார். தங்கும் இடத்தின் விலாசத்தை அவர்கள் எழுத்திலேயே ஓர் அட்டையில் எழுதி, கைப்பையில் ஒன்று, உடம்போடு ஒன்று வைத்துக்கொள். நிலையத்தில் இறங்கும் முன்பே எந்த வாசல், எந்த எண் என்று பார்த்துவிடு. வழி தவறினால் தவறிய இடத்திலேயே நில். தேடுகிறவரும் நடந்து, தொலைந்தவரும் நடந்தால் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். நான் அறையிலிருந்து கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. குடிபாலாவிலிருந்து வந்த ஓர் ஆளை அவர் வீட்டார் தேடினார்கள். ஆதார் கார்டைக் காட்டி இந்தப் பெயரைச் சொல்லுங்கள் என்றார்கள். நானும் மூச்சு வாங்கக் கூப்பிட்டேன். அரை மணி நேரம் ஆயிற்று. பிறகு அவர் தங்கச்சி மெதுவாக வந்து, "எங்க ஊர்ல பட்டாளம்னாத்தான் தெரியும், அப்டி கூப்புட்டுப் பாருக்கா" என்றாள். "பட்டாளம்" என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். ஒலிபெருக்கிக்கு நேர் கீழே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த ஆள் எழுந்து வந்தார். "இம்மாம் நேரமா கூப்ட்டுக்கினு இருக்கேனே, காதுல வுழலையா?" என்று கேட்டதற்கு, "எம் பேர நீ இப்பத்தானேம்மா சொன்ன?" என்றார். மனுஷன் கார்டில் இருக்கிற பெயருக்குத் திரும்புவதில்லை. வீட்டில் கூப்பிடுகிற பெயருக்குத்தான் திரும்புவான். இதை மனசில் வை. பிறகு வேண்டியிருக்கும்.

பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். சின்ன மிக்சி வாங்கி வந்தது என் தப்புத்தான். அங்கே கரண்டு வேகம் குறைவு, நம் மிக்சி சுத்தாது என்று நீ சொன்னாய். சரி, பொடி வகைகளை இங்கேயே அரைத்து அடைத்துத் தருகிறேன். பச்சைக் கறிவேப்பிலை வேண்டாம், விமான நிலையத்தில் எடுத்துப்போட்டுவிடுவார்களாம். பருப்போடு வறுத்துப் பொடியாகவே செய்துவிட்டேன். சளி மாத்திரையை நம் மெடிக்கல் கடையில் வாங்குகிற மாதிரி அள்ளிக்கொண்டு போகாதே. சில மாத்திரைகளை அந்த ஊருக்குள் விடமாட்டார்கள் என்று நீயே சொன்னாய். அதை மறந்துவிட்டு நேற்று பெட்டியின் ஓரத்தில் இரண்டு அட்டை செருகியிருந்தாய். எடுத்துவிட்டேன். ஓட்டையில்லாத சாக்ஸ் ஆறு ஜோடி வைத்திருக்கிறேன், வீட்டுக்குள் போகும்போதெல்லாம் அங்கே செருப்பைக் கழற்றவேண்டுமாம். படுக்கைக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு ஜோடி ஷூவும் டார்ச்சும் இருக்கட்டும். பூமி ஆடி முடித்ததும் தரையெல்லாம் கண்ணாடிச் சில்லாக இருக்கும். ஆடும்போது வெளியே ஓடாதே, மேஜைக்கு அடியில் புகுந்துகொள். அங்கே இறங்கியதும் விமான நிலையத்தில் கொடுக்கும் அடையாள அட்டையை வீட்டில் வைத்துவிட்டுக் கடைக்குப் போகாதே. தெருமுனையில் சின்னதாகப் போலீஸ் அறை இருக்கும், அதில் வழி சொல்வதையே ஒரு வேலையாகச் செய்வார்கள் என்றாய். நீ சொன்னதிலேயே எனக்கு ஆறுதலான சங்கதி அது ஒன்றுதான். போன அன்றே உன் அறைக்குப் பக்கத்தில் அது எங்கே இருக்கிறது என்று பார்த்து எனக்குச் சொல்.

இனிமேல் சொல்வதுதான் கஷ்டம்.

உனக்கு அப்போது ஐந்து வயது. சத்தியவேடு பக்கத்துக் கிராமத்திலிருந்து திருப்பதிக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. உன் நைனா பால் வண்டி ஓட்டினார். சித்தூரில் ஏற்றி, பாகாலா வழியாக இங்கே வந்து இறக்கவேண்டும். பள்ளிக்கூடத்தில் உன்னைச் சேர்க்கும் நாளில் அவருக்கு லீவு கிடைக்கவில்லை. நான்தான் உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு போனேன். நான் படித்தது தமிழ்ப் பள்ளிக்கூடம். கடைத் தெருவில் பேசுகிற தெலுங்கு மட்டும்தான் தெரியும். மேஜைக்குப் பின்னாலிருந்தவர் உன் பெயரை எழுதிக்கொண்டு, "இண்ட்டி பேரு?" என்று கேட்டார். எனக்கு ஒரே சந்தோஷம். 'இல்லு' என்றால் வீடு, 'பேரு' என்றால் பேர், இதுகூடப் புரியாதா? வீட்டில் கூப்பிடுகிற பேரைக் கேட்கிறார். பிள்ளையைப் பழக்கிக்கொள்ள நல்லதுதானே என்று நினைத்து, "பாப்பா, சார்" என்றேன். அவர் பேனாவை நிறுத்தி, "பாப்பா?" என்று மறுபடியும் கேட்டார். "அவுனு சார், இண்ட்லோ பாப்பானே", ஆமாம் வீட்டில் பாப்பாதான், என்று அழுத்திச் சொன்னேன். தெலுங்குக்காரர்களுக்கு இண்ட்டி பேரு என்றால் குடும்பப் பெயர், தலைமுறை தலைமுறையாகப் பெயருக்கு முன்னால் வருவது என்று எனக்கு யார் சொன்னார்கள்? நமக்குத்தான் அப்படி ஒன்று கிடையாதே, அப்பா பெயரின் முதல் எழுத்தோடு சரி. ஒன்றுமே தெரியாமல் இருந்திருந்தால் யாரையாவது கேட்டிருப்பேன். அரைகுறையாகத் தெரிந்ததால் மாட்டிக்கொண்டேன். 'பாப்பா ஹேமலதா' என்று பதிவாகிவிட்டது.

நைனா வந்து அந்தத் தாளைப் பார்த்தார். "இன்னாமே இது? பொண்ணு பேருக்கு முன்னாடி எம் பேரு எங்க?" என்றார். நடந்ததைச் சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வுடு வுடு. நம்ம பாப்பாதானே, ஊரே பாப்பான்னு கூப்டட்டும்" என்றார். ஆனால் உன் மார்க் ஷீட் வரும்போதெல்லாம், உன் பெயருக்கு முன்னால் இருக்கும் இடத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்பன் பெயர் நிற்கிற இடம் அது. முனிரத்தினம் என்பதில் 'மு' என்ற ஓர் எழுத்துக்கூட என்னால் அவருக்கு மிஞ்சவில்லை. அந்த வெட்கத்தில்தான் நான் தெலுங்கை எழுத்துக் கூட்டிப் படித்தேன். மைக் வேலை கிடைத்தது அதனால்தான். மாற்றிவிடலாம் என்று இரண்டு தடவை கிளம்பினோம். ஒரு தடவை வண்டி வேலை, ஒரு தடவை எனக்குக் காய்ச்சல். பிறகு அப்படியே விட்டுவிட்டோம். உன்னை வேலூர் பக்கம் நர்சிங் சேர்க்கும்போது, லீவு போட்டு அவரே வந்தார், நினைவிருக்கிறதா? படிவத்தைப் பிடுங்கித் தானே நிரப்பினார். அங்கிருந்தவர் தமிழ்க்காரர், ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டார். 'மு. ஹேமலதா' என்று எழுதிவிட்டு வந்த மனுஷன் வழியெல்லாம் எல்லாருக்கும் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தார். அடுத்த வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அதனால்தான் உனக்கு இந்தச் சிக்கல். பாஸ்போர்ட்டில் பாப்பா ஹேமலதா, நர்சிங் சான்றிதழில் மு. ஹேமலதா. இரண்டும் ஒருத்திதான் என்று மண்டல ஆபீசில் ஒரு சான்று வாங்கிக் கொடுத்தால்தான் ஜப்பான்காரர்கள் விசா வேலையை நகர்த்துவார்கள் என்றார்கள். நீ சென்னையில் ஜப்பான் பாஷை வகுப்பில் இருந்தாய். என்னை வாங்கச் சொன்னாய். பன்னிரண்டு நாள் தினமும் போன் செய்தாய். "இன்னாச்சும்மா?" என்பாய். "சர்வர் வேலை செய்யலியாம் பாப்பா, நாளைக்கு வரச் சொன்னாங்க" என்பேன்.

பாப்பா, அந்தச் சான்று முதல் நாளே கிடைத்துவிட்டது. ஆபீசில் இருந்த அம்மா நல்ல மாதிரி, ஒரு மணி நேரத்தில் முத்திரை வைத்துக் கொடுத்தார். சர்வர், நாளைக்கு, வரச் சொன்னாங்க, எல்லாம் நான் கட்டிய கதை. அதைக் கொண்டுவந்து தகரப் பெட்டியில், உன் நைனாவின் டிரைவிங் லைசென்சுக்கு அடியில் ஒளித்துவைத்தேன். சான்று கொடுக்கவேண்டிய கடைசி நாள் தாண்டிவிட்டால் நீ போகமுடியாது. நீ அழுவாய், நான் சமாதானம் செய்வேன், சித்தூரில் ஏதாவது ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிடுவாய். இதுதான் என் கணக்கு. பெற்றவள் செய்கிற காரியமா இது என்று நீ கேட்கலாம். ஒன்று மட்டும் சொல்கிறேன். கூப்பிட்டும் வராதவர்களை நான் பார்த்திருக்கிறேன். என் அறை வாசலில் ஒருத்தி இரண்டு நாள் உட்கார்ந்திருந்தாள். அவள் மகள் பெயரை நான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் டியூட்டிக்குப் போனால் அவளும் இல்லை. மகள் கிடைத்தாளா என்று இன்றுவரை தெரியாது. நான் அந்த இடத்தில் உட்காரமாட்டேன் என்று முடிவு செய்துவிட்டேன். அதற்கு உன் வாழ்க்கையை விலையாக வைத்தேன்.

பன்னிரண்டாம் நாள் நீ போன் செய்தபோது சான்றைப் பற்றிக் கேட்கவேயில்லை. சிரித்துக்கொண்டே ஆரம்பித்தாய். "அம்மா, கிளாஸ்ல இன்னைக்கு ஒரே கூத்து. அந்த ஊர்ல யாரையும் சொந்தப் பேர் சொல்லிக் கூப்ட மாட்டாங்களாம். இண்ட்டி பேரச் சொல்லி, பின்னாடி மரியாதைக்கு சான்னு சேப்பாங்களாம். அப்ப நான் பாப்பா-சான்! டீச்சரு சிரிப்ப அடக்கிக்கினு திரும்பிக்கினாங்க. இன்னா மேடம்னு கேட்டா, அங்க கொயந்தைங்க நைனாவத்தான் பாப்பான்னு கூப்புடுமாம்." பிறகு, "நாள் பூரா ஆளாளுக்கு என்னை நைனா நைனான்னு கூப்ட்டுக்கினு இருக்கப்போறாங்கம்மா" என்றாய். சிரிக்கிறாயா அழுகிறாயா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு 'சர்வர்' என்று சொல்ல வாய் வரவில்லை. "பேப்பர் வந்துடுச்சு பாப்பா, நாளைக்கு நானே எடுத்தாறேன்" என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலையில் தகரப் பெட்டியைத் திறந்தேன். லைசென்சில் அவர் போட்டோ. ஒரு காதைக் கேமராப் பக்கம் திருப்பினாற்போல இருப்பார், பார்த்திருப்பாய். அத்தனை வருஷம் பால் வண்டி எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்து காது மந்தமாகிவிட்ட மனுஷன். நீ "நைனா, நைனா" என்று இரண்டு தடவை கூப்பிட்டால்தான் திரும்புவார். அவர் முகத்தைப் பார்க்காமல் தாளை மட்டும் உருவிக்கொண்டு சென்னை பஸ் ஏறினேன். நீ என்னைக் கட்டிப்பிடித்து, "பாவம்மா நீ, எவ்ளோ தடவ அலைஞ்சியோ" என்று சொல்லி, மோர் வாங்கிக் கொடுத்து, முழுவதும் குடிக்கும் வரை பக்கத்தில் நின்றாய். அன்றைக்கே சொல்லியிருக்கவேண்டும். தைரியம் வரவில்லை. என்னைத் திட்டிவிட்டுப் போ. திட்டாமல் போகாதே, பிறகு அங்கே போய் யோசிப்பாய்.

பயம் போகவில்லை. நீ போன பிறகும் போகாது. ஆனால் அங்கே உன்னை யார் கூப்பிடுவார்கள் என்று முதலில் கேட்டேனே, அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. விமான நிலையத்தில் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரியில், பாங்கியில், உன்னிடம் பார்த்துக்கொள்ளக் கொடுக்கப்போகிற வயசானவர்களும் படுக்கையிலிருந்து கூப்பிடுவார்கள். வீட்டில் நாங்கள் கூப்பிட்ட பெயரையே கூப்பிடுவார்கள், அவர்கள் காதில் அது அப்பா என்று விழும். நான் பிடுங்கிப்போட்ட இடத்தில் அவர் எப்படியோ வந்து நின்றுவிட்டார். இந்தப் பெயரை மாற்றவேண்டும் என்று இனிமேல் கிளம்பாதே. யாராவது சிரித்தால் நீயும் சேர்ந்து சிரி. கூப்பிட்டதும் கையைத் தூக்கி, நீ கற்றுக்கொண்டாயே, 'இதோ இருக்கிறேன்' என்பதற்கு அவர்கள் சொல்லும் அந்த 'ஹாய்', அதைச் சொல். வாய்க்குள் முணுமுணுக்காதே, பாப்பா. சத்தமாகச் சொல். உன் நைனாவுக்குக் காது மந்தம்.